பன்னிரண்டரைக் கிலோவுக்கு ஓர் இருக்கை

நாமக்கல் பரமத்தி ரோட்டில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையின் கடைசியில் கௌசிக்கின் குஷன் கடை. லாரி கேபினில் டிரைவர் உட்காரும் சீட்டு, பின்னால் மாற்று டிரைவர் படுக்கும் மெத்தை, போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளின் இருக்கைகள் எல்லாம் அவன் கையால் தைத்துத்தான் போகும். முப்பத்திரண்டு வயதுக்குள் எத்தனை வண்டிக்கு வேலை பார்த்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் ஒரு டிரைவர் வந்து உட்கார்ந்து எழுந்தால் போதும், அவருக்கு வலி இடுப்பிலா முதுகிலா என்று கேட்காமலே சொல்லிவிடுவான். அசாம் வரைக்கும் போய்த் திரும்புகிறவர்கள், அவன் போட்ட சீட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது, அது ஒன்றுதான் குறை என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் குறையைக் கேட்பதில் அவனுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அவன் மனைவி சண்முகப்பிரியா திருச்செங்கோடு பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் சொல்லித்தருகிறாள். மகள் தன்விகாவுக்கு இரண்டே முக்கால் வயது. கல்லூரிக்குப் பக்கத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டுப் பள்ளி ஒன்று இருந்ததால், ஜூன் மாதத்திலிருந்து அம்மாவும் மகளும் காரில் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தார்கள். பின்சீட்டில் உட்கார வைத்தால் தன்விகா ஓர் இடத்தில் இருக்கமாட்டாள். இந்த ஜன்னலில் ஒரு நிமிடம், அந்த ஜன்னலில் ஒரு நிமிடம், அப்புறம் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியையும் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டு வருவாள்.

ஒரு நாள் காலையில் முன்னால் போன முட்டை வண்டி சட்டென்று நின்றது. பிரியா பிரேக்கை மிதித்தாள். நடுவில் நின்றிருந்த பிள்ளை அப்படியே முன்னால் வந்து கியர் கம்பியில் வாயை இடித்துக்கொண்டாள். உதடு லேசாகக் கிழிந்தது, அவ்வளவுதான். ரத்தம் நிற்பதற்கு முன்பே பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டாள். பிரியாவுக்குத்தான் அன்று முழுக்கக் கரும்பலகையில் எழுதினால் எழுத்து கோணிக்கொண்டு போனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கணவனிடம், "ஏனுங்க, பாப்பாவுக்குக் கார்ல வெக்கற சீட்டு ஒண்ணு வாங்கிரலாங்க" என்றாள்.

மகளின் உதட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த கௌசிக் நிமிர்ந்தான். "ஊரு ஒலகத்துக்கே சீட்டு போடறவன் என்ற புள்ளைக்குப் பிளாஸ்டிக் சீட்டா வாங்குவேன்? ஒரு வாரம் பொறு அம்மிணி."

சொன்னபடி ஒரு வாரத்தில் செய்து முடித்தான். கனமான பலகையில் அடிப்பாகம், இரும்புக் குழாயை வளைத்து முதுகு, அதன் மேல் நான்கு அங்குலத்துக்கு உயர்ந்த ரக ஃபோம், அதற்கும் மேல் அரக்கு நிற ரெக்சின். விளிம்பு முழுக்க மஞ்சள் பைப்பிங். தலை சாய்க்கிற இடத்தில் தையல் எந்திரத்திலேயே ஒரு மயிலும் அதற்குக் கீழே மகளின் பெயரும். லாரி சீட்டுக்குப் போடுகிற பெல்ட் பட்டையையே அளவாக வெட்டி, இடுப்புக்கு ஒன்று, தோளுக்கு இரண்டு என்று வைத்தான். பட்டறைக்காரர்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். ஒருவர் அதில் உட்கார்ந்து பார்க்கவே முயன்றார்.

காரின் பின்சீட்டில் வைத்துக் கார் பெல்ட்டால் கட்டியதும், தன்விகா அதில் ஏறி உட்கார்ந்தவள் இறங்கவில்லை. சோற்றுத் தட்டையும் காருக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. பிரியா மஞ்சள் விளிம்பைத் தடவிப் பார்த்தாள், ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். பிறகு பட்டையைப் பிடித்து இழுத்து, இது தாங்குமா என்று மட்டும் கேட்டாள். லாரியையே கட்டி இழுக்கலாம் என்றான் கௌசிக். அவள் அடுத்த நாளிலிருந்து கல்லூரிக்கு இருபது நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் போனாள். புதிதாக ஓட்டப் பழகினவள், நிதானமாகப் போகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் முதலாளி சென்னிமலை கடைக்கு வந்தார். அவருக்கு ஆறு ரிக் வண்டி. ஆறுக்கும் சீட்டுப் போட்டவன் கௌசிக்தான். வெளியே நின்றிருந்த காருக்குள் அரக்கு நிறச் சீட்டைப் பார்த்தவர், கதவைத் திறக்கச் சொல்லி, குனிந்து, அமுக்கி, மயிலைத் தடவிப் பார்த்தார். அவருடைய மகன் பெங்களூரில் இருக்கிறான். இரண்டு பேரப் பிள்ளைகள். ஒருவனுக்கு நாலு வயது, இன்னொருவனுக்குப் பத்து மாதம். மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வந்து போகிறார்கள். இதே மாதிரி நீல நிறத்தில் இரண்டு வேண்டும் என்றார்.

"என்ற பையன் ஸ்டீரிங் புடிச்சா நூத்திப்பத்துக்குக் கொறையமாட்டானப்பா. பேரனுங்க ரெண்டும் குலுங்காம வரோணும், பாத்துக்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நீல ரெக்சினை மேசையில் விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டான் கௌசிக். கத்தரியைக் கையில் எடுத்தவன் வைத்துவிட்டான். நூற்றுப்பத்து என்ற எண் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த டிரைவர் சீட்டாக இருந்தாலும், தைத்து முடித்ததும் அவன் ஒரு தடவை உட்கார்ந்து, சாய்ந்து, குதித்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவான். இந்தச் சின்னச் சீட்டில் அவன் உட்கார முடியாது. உட்கார்ந்து பார்க்காத ஒன்றே ஒன்றை அவன் தன் மகளுக்குக் கொடுத்திருக்கிறான்.

பக்கத்தில் கலைமணியின் கோழித் தீவனக் கடை. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சனிக்கிழமை தன்விகாவை அங்கே கூட்டிப் போய் மூட்டை நிறுக்கிற தராசில் நிற்க வைத்தான். பன்னிரண்டு கிலோ ஐந்நூறு கிராம். தன்விகா இறங்க மறுத்து, தன் செருப்பை நிறுக்கச் சொன்னாள், தண்ணீர்ப் புட்டியை நிறுக்கச் சொன்னாள், கடைசியில் கலைமணியையே ஏறச் சொன்னாள். அவர் ஏறி, வந்த எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு இறங்கினார்.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்த கௌசிக், ஒரு சாக்கில் சரியாகப் பன்னிரண்டரைக் கிலோ தீவனத்தைக் கொட்டி வாயைத் தைத்தான். மேலே ஒடுக்கமாகவும் கீழே அகலமாகவும் தட்டித் தட்டிப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற வாகுக்குக் கொண்டுவந்தான். அதை அரக்குச் சீட்டில் வைத்து, தன்விகாவுக்குப் போடுகிற மாதிரியே மூன்று பட்டையையும் மாட்டினான். என்ன செய்யப் போகிறான் என்று கேட்டுக்கொண்டே கலைமணியும் முன்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

வள்ளிபுரம் பக்கம் புதிதாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே தார்ச்சாலை போட்டு வைத்திருந்தார்கள். வீடு ஒன்றுகூட வரவில்லை. முதலில் இருபதில் போய் பிரேக்கைப் போட்டான். மூட்டை லேசாக முன்னால் சாய்ந்து திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டது. இதற்கா பயந்தாய் என்று கலைமணி சிரித்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, நாற்பத்தைந்தைத் தொட்டதும், பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். கலைமணி முன்னால் தள்ளப்பட்டு முதுகைப் பிடித்துக்கொண்டார். வண்டி முழுக்கத் தீவனத் தூள் பறந்தது.

கௌசிக் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். பெல்ட் அறுந்திருக்கவில்லை. தையல் ஓர் இழைகூடப் பிரியவில்லை. மாட்டிய கொக்கிகள் மாட்டியபடியே இருந்தன. மூட்டைதான் சீட்டில் இல்லை. அது கீழே கிடந்தது, முன்சீட்டின் முதுகில் மோதி வாய் பிளந்து. அரக்குச் சீட்டு குப்புறக் கவிழப் போவது போல முன்னால் சாய்ந்து நின்றது.

அவன் சீட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினான். ஃபோம் நாலு அங்குலமும் உள்ளே போனது. போனதும் பெல்ட் தொளதொளவென்று தொங்கியது. விட்டதும் பழையபடி இறுகியது. மறுபடி அமுக்கினான். மறுபடி தொங்கியது. எது நல்ல சீட்டு என்று இத்தனை வருடம் நினைத்திருந்தானோ, அந்த மெத்துமெத்துதான் இங்கே மூட்டையைப் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி வெளியே அனுப்பியிருக்கிறது. கால்களுக்கு நடுவே பிடிக்க ஒரு பட்டைகூட அவன் வைக்கவில்லை. இது வெறும் பிரேக்தான்; எதிலும் மோதவில்லை.

"ஆரோ பின்னால இருந்து ஒதைச்சாப்பல இருந்துச்சு மாப்ள" என்றார் கலைமணி. இரண்டு பேருமாகத் தீவனத்தைக் கூட்டி வெளியே தள்ளினார்கள். எங்கிருந்தோ மைனாக்கள் வந்து இறங்கின.

வீட்டுக்குப் போனதும் கௌசிக் நடந்ததை ஒன்று விடாமல் பிரியாவிடம் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்; திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அந்த சீட்டுல பாப்பாவ வெச்சுட்டு நான் ஒரு நாளும் முப்பதுக்கு மேல போனதில்லீங்க" என்றாள்.

அவனுக்கு அந்த இருபது நிமிடம் இப்போதுதான் விளங்கியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். இத்தனை ஆசையாகச் செய்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் நாளைக் கடத்தினேன், அது என்னுடைய தப்பும்தான் என்றாள் அவள். இந்த மாதம் எப்படியும் சொல்லிவிடுவது என்று இருந்தாளாம். கல்லூரியில் ஒரு தோழியிடம் கேட்டு, எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தாள். அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். படித்து முடித்தபோது அவனுக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சென்னிமலைக்கு அன்றே போன் செய்து, சீட்டுச் செய்ய முடியாது என்று சொன்னான். அவருக்கு முடியாது என்ற சொல் பழக்கமில்லை. ஆறு வண்டிக்குப் போட்டாயே, ஒன்றாவது பிய்ந்திருக்கிறதா என்று கேட்டார். அது பெரிய ஆட்களுக்குங்க, இது என் கைக்கு மீறினதுங்க என்று சொல்லி, மூட்டை பறந்த கதையையும் மறைக்காமல் சொன்னான்.

"சொன்னியே, அதுவே பெருசு" என்றார் அவர். "செரி, உன்ற புள்ளைக்கு வாங்கறப்ப எனக்கும் ரெண்டு வாங்கியாந்துரு."

அதுவும் ஆகாது என்றான் கௌசிக். பிள்ளையின் எடை தெரிய வேண்டும், உயரம் தெரிய வேண்டும், எந்தக் காரில் வைக்கப் போகிறார்கள் என்று தெரிய வேண்டும். பெரியவன் எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு, ஒரு மூன்றேகால் அடி ஆழம் இருப்பான் என்றார் போர்வெல்காரர். பிறகு தானே சிரித்துவிட்டு, அடுத்த தடவை பிள்ளைகள் வரும்போது கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு சேலத்துக்குப் போவதென்று முடிவானது. வாங்குகிற சீட்டைக் காரில் வைத்துப் பார்த்தால்தான் சரியா என்று தெரியும், ஆகவே கார் போக வேண்டும். ஆனால் நாலு வழிச்சாலையில் பிள்ளையைச் சும்மா உட்கார வைத்துக்கொண்டு போக இருவருக்கும் இனி மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, அம்மாவும் மகளும் பஸ்ஸில் ஏறினார்கள். அப்பா தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு பின்னால் போனான். ஆண்டகளூர் கேட்டில் பஸ் நின்றபோது பக்கத்தில் போய் நிறுத்தி, ஜன்னல் வழியாக மகளுக்குக் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தான். காரில் இவ்வளவு இடம் இருக்கும்போது குடும்பத்தைப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிற அந்த ஆளைப் பக்கத்துச் சீட்டு அம்மாள் சந்தேகமாகப் பார்த்தார்.

ஐந்து ரோட்டுப் பக்கம் குழந்தைகளுக்கான பெரிய கடை ஒன்று இருந்தது. மாடியில் ஒரு முழுச் சுவருக்குக் கார் சீட்டுகள். கௌசிக் நேராகப் போய் இருப்பதிலேயே பெரியதன் முன் நின்றான். அட்டையில் பன்னிரண்டு வயது வரை என்று போட்டிருந்தது. வளர்கிற பிள்ளை, யூனிஃபார்மே ஓர் அளவு பெரிதாகத்தானே தைக்கிறோம், இதையே எடுத்துவிட்டால் ஒரே செலவாக முடிந்துவிடும் என்று அவன் கணக்கு.

அந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்ட பெண்ணின் பெயர் சரிதா. வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். அவள் வாதாடவில்லை. "பாப்பாவை உக்கார வெச்சுப் பாத்துரலாங்க சார்" என்று மட்டும் சொன்னாள். வைத்தார்கள். தன்விகா அதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து காணாமல் போனாள். தோளில் வர வேண்டிய பட்டை காதுக்கு மேல் வந்தது. இது இன்னும் சில வருடம் கழித்துத் தேவைப்படுகிற சீட்டு. சட்டை பெரிதாக இருந்தால் மடித்துவிடலாம், சீட்டை மடிக்க முடியாது என்றாள் சரிதா. இன்றைக்குப் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும், கொஞ்சம் வளர இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது ரொம்பச் சின்னது. தன்விகாவின் தலை சீட்டின் உச்சிக்கு மேல் எட்டிப் பார்த்தது. அவளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. கண்ணில் பட்ட ஒவ்வொரு சீட்டிலும் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டி, "பெல்ட்டு" என்று கட்டளை போட்டாள்.

மூன்றாவது சீட்டுக்குப் பதினெட்டுக் கிலோ வரைக்கும் பிள்ளையைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைக்கலாம். அதற்கு மேல் திருப்பி முன்பக்கமாக வைத்துக்கொள்ளலாம். தோள் பட்டைக்கு ஐந்து துளை. வளர வளர ஒவ்வொன்றாக ஏற்றலாம். எதற்குப் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும், பிள்ளைக்குச் சலிப்பாக இருக்காதா என்று கௌசிக் கேட்டான். பிரியா நோட்டைத் திறக்காமலே சொன்னாள். இந்த வயதில் உடம்பைவிடத் தலை கனம், கழுத்து இன்னும் திடப்படவில்லை. வண்டி சட்டென்று நின்றால் தலை முன்னால் வீசப்படாமல், முதுகு முழுக்கச் சீட்டு தாங்கிக்கொள்ளும். அவன் கண் முன்னால் அந்தச் சாக்கு மூட்டை ஒரு தடவை பறந்தது. தலையாட்டினான்.

அப்புறம் அவன் தன் வேலையை ஆரம்பித்தான். சீட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, துணியை விலக்கி, ஒவ்வொரு தையலாகப் பார்த்தான். பட்டை சேருகிற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி அடித்திருந்த தையலை நகத்தால் எண்ணினான். பட்டையின் நெசவைச் சரிதா விரலால் மடித்துக் காட்டினாள்; இவ்வளவு நெருக்கமாக அடிக்க எங்கள் ஊர்த் தறியால் முடியாது என்றாள். தயாரித்த தேதி, சோதனை செய்து தேறியதற்கான முத்திரை, எத்தனை கிலோ வரை என்று எல்லாம் சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டின் மேலேயே ஒட்டியிருந்தது. மேல் துணிக்கு அடியில் அரை அங்குலத்துக்குத்தான் பஞ்சு. அதற்குக் கீழே கட்டியான வெள்ளை அடைப்பு. கட்டைவிரலால் எவ்வளவு அமுக்கியும் இறங்கவில்லை.

"இங்க பாரு பிரியா" என்றான் ஆச்சரியத்தோடு. "மேல மட்டுந்தான் மெத்து. உள்ள கல்லாட்டம் வெச்சிருக்கறான். நெம்ப யோசிச்சுச் செஞ்சிருக்கறானுங்க."

யாரென்றே தெரியாத இன்னொரு சீட்டுக்காரனை அவன் அப்படி மெச்சியதைப் பார்த்து பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான இந்த ஐந்து வருடத்தில் அவன் பிறத்தியார் தையலைப் பாராட்டி அவள் கேட்டதில்லை.

கீழே கொண்டுபோய்க் காரில் வைத்துப் பார்த்தார்கள். வைத்தால் அது ஆடியது. அவர்கள் காரின் பின்சீட்டு நடுவில் பள்ளமாக இருந்ததால் அடிப்பாகம் படியவில்லை. கௌசிக் முழங்காலை ஊன்றி அமுக்கி இழுத்துக் கட்டியும், பிடித்து அசைத்தால் மூன்று விரல் தூரம் நகர்ந்தது. ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்று நோட்டில் இருந்தது. சரிதா முகம் கோணாமல் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், அதே எடைக்கு, அதே போல் ஐந்து துளையோடு இன்னொன்றைக் கொண்டுவந்தாள். இதற்கு அடியில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இருந்தன. காரின் பின்சீட்டு இடுக்கில் இரண்டு கம்பிகள் இருப்பதையே கௌசிக் அன்றுதான் பார்த்தான். இத்தனை நாள் அதன் மேல்தான் பலகையை வைத்திருந்தான். 'டக்', 'டக்' என்று இரண்டு சத்தம். பிடித்து உலுக்கினான். சீட்டு நகரவில்லை, கார்தான் ஆடியது.

"இது" என்றான்.

ஆனால் தன்விகாவைத் தூக்கி வைத்ததும் அவள் முறுக்கிக்கொண்டாள். கடைக்குள் இருந்தவரைக்கும் எல்லாம் விளையாட்டு. சொந்தக் காருக்குள் வந்ததும்தான் அவளுக்குத் தன் மயில் ஞாபகம் வந்தது. "அப்பா சீட்டு வேணும்" என்று அழ ஆரம்பித்தாள். கௌசிக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் வருத்தம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கார்க் கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவள் முகத்தைத் துடைத்தான்.

"இதும் அப்பா சீட்டுதான் சாமி. அது அப்பா தெச்சது. இது அப்பா தேடிப் புடிச்சது. அது நம்மூட்ல சோறு உங்கறதுக்கு, இது ரோட்டுல போறதுக்கு."

அவள் யோசித்தாள். மயில் வீட்டில் சாப்பிடுமா என்று கேட்டாள். சாப்பிடும் என்றான். அப்படியானால் சரி என்று கையை உயர்த்தி, பட்டைக்குள் நுழைத்துக்கொண்டாள். பிரியா பட்டையை இறுக்கி, தோளில் அதைக் கிள்ளிப் பார்த்தாள். விரலுக்குப் பிடிபடவில்லை. சரிதா பக்கத்தில் நின்று, அதுதான் சரியான இறுக்கம் என்றாள்.

திரும்பும்போது பிரியா ஓட்டினாள். கௌசிக் பின்னால் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மல்லூர் தாண்டி நாலு வழிச்சாலை நேராக விரிந்ததும், முள் அறுபதைத் தாண்டியது, எழுபதைத் தாண்டியது, எண்பதில் நின்றது. கண்ணாடியில் தெரிந்த பிரியாவின் முகத்தைப் பார்த்தான். இத்தனை வாரமாக அந்த நெற்றியில் இருந்த ஒரு சுருக்கம் இல்லை. அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சலிப்பாக இருக்கும் என்று அவன் பயந்த பிள்ளைக்கு முன்னால், பின்கண்ணாடி முழுசாக விரிந்து கிடந்தது. பின்னால் ஒரு பத்துச் சக்கர லாரி வந்தது. தன்விகா அதன் டிரைவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு கையை ஆட்டினாள். அந்த ஆள் முதலில் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை ஆட்டியதும் மீசைக்குள் சிரித்துக்கொண்டு பதிலுக்கு ஆட்டினார். பக்கத்தில் இருந்த கிளீனரும் ஆட்டினார். முந்திப் போகும்போது அந்த லாரி ராகமாக ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. அடுத்து ஒரு கோழி வண்டி. அடுத்து கல்யாண வீட்டு வேன். அதில் பன்னிரண்டு பேர் கையாட்டினார்கள். நாமக்கல் மலைக்கோட்டை தெரியும்வரைக்கும் தன்விகாவுக்குக் கை ஓயவில்லை.

அதற்கு மறு மாதம் சென்னிமலை, மகன், மருமகள், இரண்டு பேரன்கள் என்று குடும்பமே வந்து இறங்கியது. கலைமணி தராசைத் துடைத்து வைத்திருந்தார். இரண்டு பிள்ளைகளையும் நிறுத்து, சுவரோரம் நிற்க வைத்தும் படுக்க வைத்தும் அளந்து, எல்லாருமாகச் சேலம் போய், பெரியவனுக்கு முன்பக்கம் பார்க்கிறதும் சின்னவனுக்குப் பின்பக்கம் பார்க்கிறதுமாக எடுத்தார்கள். ஏழு சீட்டு வைத்துப் பார்த்ததாகச் சரிதா பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னாள். வேகத்தைப் பற்றிக் கௌசிக் எதுவும் சொல்லவில்லை. காருக்குள் மூட்டை விழுந்த இடத்தை மட்டும் அந்த மகனுக்குக் காட்டினான். அந்தத் தடவை பெங்களூர் போய்ச் சேர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனதென்று சென்னிமலை போனில் சொன்னார். குரலில் குறை இல்லை.

இப்போதெல்லாம் பரமத்தி ரோட்டுக்கு லாரி டிரைவர்கள் மட்டும் வருவதில்லை. வாரத்துக்கு ஒருவராவது காரைக் கொண்டுவந்து நிறுத்தி, பிள்ளை சீட்டு வாங்கியிருக்கிறோம், ஆடுகிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். கௌசிக் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு எழுந்து போய், முழங்காலை ஊன்றி இறுக்கி, உலுக்கிப் பார்த்து அனுப்புகிறான். அதற்கு அவன் எதுவும் வாங்குவதில்லை. பிள்ளை என்ன எடை என்று மட்டும் கேட்பான். தெரியாது என்றால் பக்கத்துக் கடையைக் கைகாட்டுவான்.

தைப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் பிரியா தன்விகாவைச் சீட்டில் வைத்துப் பட்டையை மாட்டியவள், கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பட்டை புறப்படுகிற துளை பிள்ளையின் தோளைவிட நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. கணவனைக் கூப்பிட்டாள். அவன் வந்து குனிந்து பார்த்தான், விரல் வைத்து அளந்தான், பிள்ளையை இறக்கிவிட்டு, சீட்டின் முதுகைத் திருப்பிப் பட்டையை உருவி மேல் துளையில் கோர்த்தான். மறுபடி உட்கார வைத்தார்கள். பட்டை தோளுக்கு ஒட்டினாற்போல் அளவாக வந்து படிந்தது.

"ஒரு துளை வளந்துட்டாளுங்க" என்றாள் பிரியா.

கௌசிக் மகளின் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். தன்விகாவுக்குப் பொறுமை போய்விட்டது. பின்கண்ணாடியைப் பார்த்துக் கையைத் தயாராகத் தூக்கி வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொன்னாள்.